மாதம் ஒருமுறை சென்னை: கார் வாங்குவதா, ரயிலா, பஸ்ஸா?

பேத்தி பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. மகள் வீடு சென்னையில், குரோம்பேட்டை. நாங்கள் மதுரையில், அய்யர் பங்களா என்ற பகுதியில். மாதம் ஒருமுறையாவது குழந்தையைத் தூக்கிக் கொஞ்சாவிட்டால் என் மனைவிக்குச் சோறு இறங்காது. எனக்கும் அப்படித்தான். மூன்று மாதமாகக் கையில் கிடைத்த வண்டியில் ஏறிப் போய் வந்துகொண்டிருந்தோம். போன மாதம் மருமகன் ஒரு யோசனை சொன்னார். "மாமா, பேசாம ஒரு காரை வாங்கிருங்க. நெனச்ச நேரத்துக்குக் கிளம்பி வந்துரலாம்ல. அத்தைக்கும் சாமான் செட்டு கொண்டாரத் தோதா இருக்கும்." நல்ல மனசோடு சொன்னதுதான். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் கொஞ்சம் வங்கியில் கிடக்கிறது. எட்டு லட்சத்துக்கு ஒரு சிறிய கார் வாங்கிவிடலாம்.

உடனே தலையாட்டிவிடாமல் ஒரு வாரம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். மதுரையிலிருந்து சென்னை சாலை வழி ஏறக்குறைய 460 கிலோமீட்டர். ரயிலில் எழும்பூர் வரை 493. கார், அரசு பஸ், ஆம்னி பஸ், ரயில், விமானம் என்று ஐந்து வழி இருக்கிறது. ஒவ்வொன்றையும் மூன்று கேள்வி கேட்டேன். உயிருக்கு எவ்வளவு பத்திரம்? பாதை எந்த நிலையில் இருக்கிறது? காசு எவ்வளவு ஆகும்? எங்களைப் போல மதுரையில் பெற்றோர், சென்னையில் பிள்ளைகள் என்று இருக்கும் வீடுகள் ஏராளம். அவர்களுக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

பத்திரம் என்ற கேள்வி முதலில் வந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்காக வாடகைக் காரில் இரவு பத்து மணிக்குக் கிளம்பினோம். விடியற்காலை மூன்றரை இருக்கும், உளுந்தூர்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரம். பின்சீட்டில் நான் அரைத் தூக்கம். டமார் என்று ஒரு சத்தம். கார் நடுத்தடுப்பில் உரசி, டயர் வெடித்து, இடதுபக்கம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. ஓட்டிய தம்பி கண் அயர்ந்துவிட்டார். முந்தின நாளும் அவர் ஒரு நீண்ட சவாரி போய்விட்டு வந்திருந்தார். இது அப்புறம்தான் தெரிந்தது, கிளம்பும்போது நான் கேட்கவில்லை. யாருக்கும் அடியில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் வண்டியை ஓரங்கட்டி, டார்ச் அடித்து, ஸ்டெப்னி மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ரோட்டோரம் நின்றிருந்த அந்த அரைமணி நேரம் என் மனைவி என் கையை விடவே இல்லை.

உயிர்க் கணக்கு

நாட்டு நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023இல் இந்தியாவில் 4,80,583 சாலை விபத்துகள் நடந்தன. 1,72,890 பேர் இறந்தார்கள். ஒரு நாளைக்கு 474 பேர், மணிக்கு ஏறத்தாழ 20 பேர். அதே ஆண்டில் நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் நம்முடையது: 67,213. இறந்தவர்கள் 18,347. அதாவது தினமும் ஐம்பது வீடுகளில் ஒப்பாரி. இறப்பில் மட்டும் உத்தரப்பிரதேசம் நமக்கு முன்னால் நிற்கிறது. 2015இல் நாடு முழுவதும் 1.46 லட்சமாக இருந்த உயிரிழப்பு எட்டு ஆண்டில் இந்த இடத்துக்கு வந்திருக்கிறது.

இதே காலத்தில்தான் சாலைகள் அகலமாயின. தேசிய நெடுஞ்சாலைகளின் நீளம் 2014இல் 91,287 கிலோமீட்டர். இப்போது 1,46,000 கிலோமீட்டருக்கு மேல். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் இது இரண்டு சதவீதம் சொச்சம்தான். ஆனால் 2022இல் சாலையில் இறந்தவர்களில் 36 சதவீதம் பேர் இறந்தது இந்த நெடுஞ்சாலைகளில். அந்த ஆண்டு இறந்தவர்களில் 71 சதவீதம் பேரின் சாவுக்கு அதிவேகம்தான் காரணம் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. ரோடு நன்றாக இருந்தால் பத்திரமாகப் போய்விடலாம் என்று நாம் நம்புகிறோம். நல்ல ரோட்டில் கால் தானாக ஆக்சிலரேட்டரை அமுக்குகிறது, கண் தானாகச் சொருகுகிறது. மேலூர் தாண்டியதும் நேர்கோடாக ஓடும் அந்தச் சாலையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டியவர்களுக்கு இது புரியும்.

எந்த வண்டியில் இருந்தவர்கள் இறந்தார்கள் என்ற கணக்கு எனக்கு மிகவும் உதவியது. 2022இல் இறந்தவர்களில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 44.5 சதவீதம், நடந்து போனவர்கள் 19.5 சதவீதம். கார், டாக்சி, வேனில் இருந்தவர்கள் 12.5 சதவீதம். பஸ்ஸில் இருந்தவர்கள் 2.4 சதவீதம். ஒரு காரில் நான்கு பேர், ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். பஸ் கனமானது, உயரமானது. மோதலில் அடி வாங்கும் இடத்துக்கு மேலே நாம் உட்கார்ந்திருக்கிறோம். இந்த ஒரு கணக்கே மருமகன் சொன்ன யோசனையை எனக்குப் பாதி தள்ளிவைத்துவிட்டது.

சீட் பெல்ட் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2022இல் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் 8,384 பேர் ஓட்டுநர்கள், 8,331 பேர் கூட உட்கார்ந்து வந்தவர்கள். ஏறக்குறைய சரிபாதி! பின்சீட்டில் பெல்ட் எதற்கு என்று நம் வீட்டுப் பெண்கள் சேலை கசங்கும் என்பதற்காக விட்டுவிடுகிறார்கள். அன்று நாங்கள் இருவரும் போட்டிருக்கவில்லை. இன்று ஆட்டோ தவிர எதில் ஏறினாலும் என் மனைவி முதலில் பெல்ட்டைத்தான் தேடுகிறாள்.

ரயிலுக்கு வருவோம். உயிர்ச்சேதமோ பெரும் பொருள்சேதமோ உண்டாக்கிய ரயில் விபத்துகள் 2014-15இல் 135, 2024-25இல் 31. அதற்கு முந்தைய பத்தாண்டில் சராசரியாக வருடத்துக்கு 171. பழைய தண்டவாளத்தை மாற்றியது, சிக்னலை மின்னணு முறைக்குக் கொண்டுவந்தது, அகலப்பாதையில் ஆளில்லாத கேட்டுகளை 2019 ஜனவரிக்குள் முழுவதும் ஒழித்தது எல்லாம் சேர்ந்து இதைச் செய்திருக்கின்றன. இறங்குமுகமான இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் சாலையின் ஏறுமுகத்தை வைத்துப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. ஒரே நாடு, ஒரே காலம், ஒரே மக்கள். ஒரு பக்கம் விதியை மனிதனின் விருப்பத்துக்கு விடாமல் சிக்னலுக்குள்ளேயே கட்டிவைத்தார்கள். இன்னொரு பக்கம் பலகை எழுதி வைத்துவிட்டு, படித்து நடந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

ரயிலில் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. 2023 ஜூன் 2ஆம் தேதி ஒடிசா பாலசோர் அருகே சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் தவறான சிக்னலால், வண்டிகள் ஒதுங்கி நிற்கும் லூப் லைனில் புகுந்து சரக்கு ரயிலில் மோதியது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வருடம் ஆகஸ்ட் 26ஆம் தேதி விடியற்காலையில் நம் மதுரையிலேயே, லக்னோவிலிருந்து வந்து நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் போனார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த காஸ் சிலிண்டர்தான் காரணம். 2025 ஜூலை 8இல் கடலூர் செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 3 பிள்ளைகள் இறந்தார்கள். அந்த கேட் சிக்னலோடு இணைக்கப்படாத கேட். இவற்றையெல்லாம் கணக்கில் சேர்த்த பிறகும், பெட்டிக்குள் கதவை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருக்கும் பயணிக்கு ரயில்தான் தரை வழிகளில் பத்திரமானது. ரயிலோடு தொடர்புள்ள சாவுகளில் பெரும்பங்கு தண்டவாளத்தைக் கடப்பவர்களும் ஓடும் வண்டியிலிருந்து விழுபவர்களும்தான். படிக்கட்டில் நின்று காற்று வாங்குவதையும், வண்டி நகர்ந்த பிறகு தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்து ஏறுவதையும் விட்டுவிட்டால் அந்த ஆபத்தில் பெரும்பகுதி நம்மைத் தொடாது.

ஆம்னி பஸ்தான் எனக்குக் குழப்பம் தந்தது. வசதியில் குறையே இல்லை. படுத்துக்கொண்டு போகலாம், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏறலாம். ஆனால் 2025 அக்டோபர் 24 அதிகாலை கர்னூல் அருகே ஹைதராபாத்திலிருந்து பெங்களூரு போன படுக்கை வசதி கொண்ட பஸ் தீப்பிடித்து 19 பயணிகள் இறந்ததை மறக்க முடியவில்லை. ரோட்டில் கிடந்த பைக்கை இழுத்துக்கொண்டு போனதில் பற்றிய தீ. குறுகலான நடைபாதை, மாடிப் படுக்கை, கனமான திரை, திறக்காத கண்ணாடி. அறுபது தாண்டிய நானும் மூட்டு வலிக்காரியான என் மனைவியும் இருட்டில் புகைக்குள் மேல் படுக்கையிலிருந்து இறங்கி அவசர வழியைக் கண்டுபிடிப்போமா? நிச்சயம் முடியாது. ஆம்னி பஸ்ஸில் போயே ஆக வேண்டுமென்றால் கீழ்ப்படுக்கையாக எடுங்கள். ஏறியதும் கண்ணாடி உடைக்கும் சுத்தியல் எங்கே இருக்கிறது, அவசரக் கதவு எங்கே என்று பார்த்துவிட்டு அப்புறம் படுங்கள். சுத்தியல் இல்லையென்றால் நடத்துநரிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் அடுத்த நாள் அது இருக்கும்.

அரசு விரைவு பஸ்ஸில் உட்கார்ந்து போகும் இருக்கை பழைய மாதிரி. முதுகு வலிக்கும், கால் மரக்கும். ஆனால் வெளியே வருவது சுலபம். ஓட்டுநருக்கு வேலை நேரக் கணக்கு உண்டு. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்றும், ஐந்து மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் அரைமணி ஓய்வு என்றும் சொன்னது. தனியார் வண்டிக்கும் சட்டம் ஒன்றுதான். கேட்பதற்கு ஆள் இருக்கும் இடம் எது என்பதுதான் வித்தியாசம். 2025 நவம்பர் 30இல் சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் அருகே இரண்டு அரசு பஸ்கள் நேருக்கு நேர் மோதி 11 பேர் இறந்ததும் உண்மை. அது நடுவில் தடுப்பில்லாத சாலை. மதுரை–சென்னை வழியில் நடுத்தடுப்பு இருப்பதால் நேருக்கு நேர் மோதும் ஆபத்து பெருமளவு குறைகிறது. இங்கே வரும் ஆபத்து வேறு விதமானது. அதை அடுத்துச் சொல்கிறேன்.

பாதை எப்படி இருக்கிறது

அய்யர் பங்களாவிலிருந்து கிளம்பினால் எங்கள் வீட்டுப் பக்கம் நத்தம் சாலை மேம்பாலம். 7.3 கிலோமீட்டர், 2023 ஏப்ரலில் திறந்தார்கள். கட்டும்போது 2021 ஆகஸ்டில் ஒரு பகுதி இடிந்து விழுந்து ஒரு தொழிலாளி இறந்தார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும். மேம்பாலத்தால் நத்தம் போகிறவர்களுக்கு நேரம் மிச்சம். ஆனால் ரயில் ஜங்ஷனுக்கோ மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்கோ போகிற எங்களுக்கு ஊருக்குள் நெரிசல் அப்படியேதான் இருக்கிறது. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டர் மெட்ரோ என்று திட்டம் போனது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 20 லட்சத்துக்குக் குறைவு என்று 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. ஆக, எந்த வண்டியில் போனாலும் வீட்டிலிருந்து முதல் ஆறு ஏழு கிலோமீட்டர் ஆட்டோதான். அதற்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

சாலை வழி என்றால் மேலூர், துவரங்குறிச்சி, விராலிமலை, திருச்சி, பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு. வழிநெடுக நான்கு வழி அல்லது அதற்கு மேல். ஊருக்கு ஊர் மேம்பாலம். தளம் பொதுவாக நன்றாகவே இருக்கிறது. கெட்டது எங்கே என்றால் ஓரத்தில். சர்வீஸ் சாலை திடீரென்று முடிந்து பிரதான சாலையில் கலக்கும் இடங்கள், கிராமத்து ஆட்கள் நடுத்தடுப்பு இடைவெளியில் ஸ்கூட்டரைத் தள்ளிக் கடக்கும் இடங்கள், இரவில் விளக்கே இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி. 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டில் உயிர்ப்பலியோ படுகாயமோ ஏற்பட்ட விபத்து ஐந்து நடந்திருந்தாலோ பத்துப் பேர் இறந்திருந்தாலோ அதை நெடுஞ்சாலைத்துறை விபத்துப் பகுதி என்று குறிக்கிறது. மஞ்சள் பலகை வைக்கிறார்கள், வேகத்தடை போல ரம்பிள் கோடு போடுகிறார்கள். அந்த டடடட சத்தம் கேட்டால் எரிச்சல்படாமல் வேகத்தைக் குறையுங்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே பலர் செத்திருக்கிறார்கள்.

பின்னாலிருந்து மோதுவது பற்றித்தான் மேலே சொல்லாமல் விட்டேன். 2022இல் நாட்டில் நடந்த விபத்துகளில் 21 சதவீதம் இந்த வகை. மற்ற எந்த வகையையும் விட இதுதான் அதிகம். ஏன் இரவு நெடுஞ்சாலையில் இத்தனை லாரி? நாடு விடுதலை பெற்ற காலத்தில் சரக்கில் பெரும்பங்கு ரயிலில் போனது. இன்று அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. 2024-25இல் ரயில்வே 161 கோடி டன்னுக்கு மேல் சரக்கு ஏற்றியது, அளவு கூடிக்கொண்டேதான் வருகிறது. ஆனாலும் பொருளாதாரம் வளர்ந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தது லாரிகள்தான். நமக்குச் சிவகாசி பட்டாசும் ஓசூர் உதிரிபாகமும் மேலூர் கிரானைட்டும் விடியும் முன் போய்ச் சேர வேண்டுமென்றால், யாரோ ஒருவர் தூங்காமல் ஓட்ட வேண்டியிருக்கிறது. அந்த மனிதர்களோடுதான் நாம் இரவில் சாலையைப் பகிர்ந்துகொள்கிறோம். எங்களுக்கு ஸ்டெப்னி மாற்றிக் கொடுத்தவரும் அவர்களில் ஒருவர். அவரும் அன்று எத்தனை மணி நேரமாக விழித்திருந்தாரோ.

ரயில் பாதையில் கண்கூடான மாற்றம் இருக்கிறது. வைகை எக்ஸ்பிரஸ் 1977 ஆகஸ்ட் 15இல் மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கியது. அந்தப் பச்சை மஞ்சள் பெட்டிகளைப் பார்க்கவே நாங்கள் பையன்களாக ஸ்டேஷனுக்குப் போவோம். இன்று எழும்பூரிலிருந்து மதுரை வரை அகலப்பாதை, இரட்டைப்பாதை, முழுவதும் மின்சாரம். கிராஸிங்குக்காக ஒரு சின்ன ஸ்டேஷனில் முக்கால் மணி நேரம் கொட்டாவி விட்டுக் காத்திருந்த காலம் போய்விட்டது. வைகை ஏழரை மணி நேரம் வரை எடுத்துக்கொள்கிறது. 2019 மார்ச் 1இல் வந்த தேஜஸ் ஆறேகால், ஆறரை மணி நேரத்தில் போய்விடுகிறது. திருநெல்வேலி வந்தே பாரத் 2023 செப்டம்பரிலும் நாகர்கோவில் வந்தே பாரத் 2024 ஆகஸ்டிலும் வந்தன. இரண்டும் மதுரையிலிருந்து ஆறு மணி நேரத்தை ஒட்டி. கார் இந்த நேரத்தை நெருங்க வேண்டுமென்றால் எங்கும் நிற்காமல், சாப்பிடாமல் ஓட்ட வேண்டும். இந்த வண்டிகள் தாம்பரத்தில் நிற்பதால் குரோம்பேட்டை போகிற எங்களுக்கு எழும்பூர் வரை போய்த் திரும்பும் அலைச்சலும் இல்லை.

பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30இல் திறந்த பிறகு தென்மாவட்ட வண்டிகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. பெரம்பூர், அண்ணா நகர் பக்கம் வீடு என்றால் அது பெரிய தொல்லை. எங்களைப் போல தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் என்றால் நல்லதுதான். உங்கள் பிள்ளைகளின் வீடு சென்னையில் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கே மாறும்.

விமானத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி சொச்சம். மதுரை விமான நிலையம் இப்போது 24 மணி நேரமும் இயங்குகிறது. 7,500 அடி ஓடுபாதை சென்னை வண்டிகளுக்குப் போதும். மீனம்பாக்கத்தில் இறங்கினால் குரோம்பேட்டை கூப்பிடு தூரம். 2025 ஜூன் 12இல் அகமதாபாத்தில் நடந்ததை நினைத்தால் யாருக்கும் பயம் வரும். விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். ஆனால் அப்படி ஒரு பெரிய விபத்துக்கும் அதற்கு முந்தைய 2020 ஆகஸ்ட் கோழிக்கோடு விபத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட ஐந்து ஆண்டு இடைவெளி. சாலையில் 241 உயிர் போக நம் நாட்டில் ஏறக்குறைய அரை நாள் போதும். கட்டணம்தான் நாளுக்கு நாள் மாறுகிறது. மாதாமாதம் கட்டுப்படியாகாது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை, உடனே வாருங்கள் என்று போன் வந்தால் அன்றைக்கு அதுதான். அதற்காக இருபதாயிரம் ரூபாயைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

காசுக் கணக்கு

காரிலிருந்து தொடங்குவோம். 460 கிலோமீட்டர், லிட்டருக்கு 16 என்று வைத்தால் 29 லிட்டர். பெட்ரோல் நூறு ரூபாய் சொச்சம். ஒரு வழிக்கு மூவாயிரத்தை ஒட்டி, போய்வர ஆறாயிரம். டோல் வழியில் எட்டு: சிட்டம்பட்டி, பூதகுடி, சமயபுரம், திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர். 2025 ஆகஸ்ட் 15இல் சொந்தக் காருக்கு 3,000 ரூபாயில் பாஸ்டேக் ஆண்டு பாஸ் வந்தது. ஒரு வருடம் அல்லது 200 முறை, எது முதலில் வருகிறதோ அது வரை. மாதம் ஒருமுறை போய் வந்தால் 16 டோல், வருடத்துக்கு 192. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது! அந்த விலையில் டோலுக்கு மாதம் 250 ரூபாய்தான் ஆகிறது. ஏற்கெனவே கார் வைத்திருப்பவர்கள் தயங்காமல் இந்தப் பாஸை வாங்கிவிடலாம்.

ஆனால் நான் வாங்கப்போவது புதுக் கார். எட்டு லட்சத்தைப் பத்து வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 80,000. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் என்று எப்படியும் 30,000. ஊருக்குள் எனக்கு ஸ்கூட்டர் போதும், ஆகவே இந்த 1,10,000 ரூபாயும் பன்னிரண்டு சென்னைப் பயணத்தின் தலையில்தான் விழும். ஒரு பயணத்துக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல். பெட்ரோல், டோல் சேர்த்தால் ஒருமுறை போய்வர பதினைந்தாயிரத்தைத் தாண்டுகிறது. கடைசியில் காரை விற்றால் கொஞ்சம் திரும்பும், அதையும் மறுக்கவில்லை. எட்டு லட்சத்துக்கு வங்கி வட்டி வருமே, அதை நான் சேர்க்கவே இல்லை. நான்கு பேர் ஐந்து பேராகப் போகிற குடும்பம் என்றால் கணக்கு வேறு. ஊருக்குள்ளும் தினமும் கார் தேவைப்படுகிறவர்களுக்கும் வேறு. இரண்டு வயதானவர்கள் மாதம் ஒருமுறை போவதற்கு இது நியாயப்படவில்லை.

ரயிலில் பாண்டியன் மாதிரி இரவு வண்டியில் ஸ்லீப்பர் முந்நூற்றுச் சில்லறை, மூன்றடுக்கு ஏசி எண்ணூற்றுச் சில்லறை. இருவரும் ஏசியில் போய்வந்தால் மூவாயிரத்து ஐந்நூறு. ஆட்டோவையும் சேர்த்து நாலரை ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். வைகையில் இரண்டாம் வகுப்பு இருக்கை இதில் நாலில் ஒரு பங்குதான். இவ்வளவு மலிவாக எப்படி ஓட்டுகிறார்கள் என்றால், பயணிகளை ஏற்றிச் செல்லும் செலவில் 46 சதவீதத்தை ரயில்வேயே தாங்குகிறது என்று அமைச்சகம் சொல்கிறது. சரக்கு வருமானம்தான் அதை ஈடுகட்டுகிறது. 2025 ஜூலையில் கிலோமீட்டருக்கு ஒரு காசு, இரண்டு காசு என்று ஏற்றியது நமக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நின்றதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆணுக்கு 40 சதவீதம், பெண்ணுக்கு 50 சதவீதம் இருந்தது. அதைத் திருப்பித் தர வேண்டும் என்று நான் மனதாரக் கேட்கிறேன். அந்தச் சலுகை இருந்தால் இரவில் கார் எடுக்கிற எத்தனையோ பெரியவர்கள் ரயிலுக்கு வருவார்கள்.

அரசு பஸ் ரயில் ஏசியைவிட மலிவு. ஆம்னி பஸ் சாதாரண நாளில் ரயில் ஏசியோடு போட்டி போடும். தீபாவளி, பொங்கல், சித்திரைத் திருவிழா நாட்களில் கேட்கவே வேண்டாம்.

கடைசியில் என்ன முடிவு

கார் வாங்கவில்லை. மருமகனுக்குப் போன் பண்ணிச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரி மாமா, நீங்க சொல்றதும் நியாயந்தான். நாங்க வர்றப்பவும் இனிமே பகல்லயே கெளம்புறோம்" என்றார். அவரிடம் கார் இருக்கிறது. இரவு பதினொன்றுக்குக் கிளம்பி விடியும்போது மதுரை வந்து சேர்வதுதான் அவர்கள் வழக்கம், ரோடு காலியாக இருக்கும் என்பதால். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டபோது எனக்கு நோட்டுப் போட்டுக் கணக்குப் பார்த்த ஒரு வாரமும் வீண் போகவில்லை என்று பட்டது.

எங்களுக்கு முதல் தேர்வு ரயில். அதிலும் பகல் வண்டி கிடைத்தால் பகல் வண்டி. ரயிலில் உள்ள ஒரே பெரிய குறை டிக்கெட்தான். 2024 நவம்பர் 1 முதல் 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது, முன்பு 120 நாள். காலை எட்டு மணிக்குத் திறந்தவுடன் எடுத்துவிட வேண்டும். வெள்ளி இரவும் ஞாயிறு இரவும் நிமிடத்தில் தீர்ந்துவிடுகின்றன. ஓய்வு பெற்றவர்கள் செவ்வாய், புதன் என்று பார்த்தால் சுலபமாகக் கிடைக்கும். ஆணுக்கு 60, பெண்ணுக்கு 45 வயது என்றால் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. இருவருக்கும் ஒரே டிக்கெட்டில் போட்டு, வயதைச் சரியாகக் கொடுங்கள். தட்கல் என்றால் முதல் நாள் காலை ஏசிக்கு பத்து மணி, மற்றதற்குப் பதினொன்று. 2025 ஜூலை முதல் இணையத்தில் எடுக்க ஆதார் இணைத்திருக்க வேண்டும். அந்த வேலையை இன்றே முடித்து வையுங்கள், அவசரத்தின்போது ஓடிபி வராமல் தவிக்காதீர்கள்.

டிக்கெட் கிடைக்காத நாளில் அரசு விரைவு பஸ், காலை வண்டி. அதுவும் இல்லையென்றால் பயணத்தைத் தள்ளிப் போடுகிறோம். குழந்தை இரண்டு நாள் கழித்தும் அங்கேதான் இருக்கும்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை, கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். விராலிமலையில் இட்லி, விழுப்புரத்தில் மதியச் சாப்பாடு. சாப்பிட்டதும் இருபது நிமிடம் காரிலேயே கண் மூடுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் ஒன்பது மணிக்குள்தான் நாட்டில் விபத்துகள் அதிகம் நடக்கின்றன. அதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். வாடகைக் கார் என்றால், நேற்று எங்கே ஓட்டினீர்கள் தம்பி, எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நெடுஞ்சாலையில் எது நடந்தாலும் 1033, ஆம்புலன்சுக்கு 108. அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை நம் மாநில அரசே ஏற்கும் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்திருக்கும் தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். முன்பணம் கேட்டுத் தயங்கி நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

நேற்று காலை எட்டு மணிக்கு வைகையில் இரண்டு சீட் போட்டுவிட்டேன். ஒன்று ஜன்னல் ஓரம். என் மனைவி மல்லிகையும் பருத்திப்பால் பொடியும் எடுத்து வைக்க வேண்டியவற்றின் பட்டியலில் இப்போதே எழுதிவிட்டாள்.